வருமுன் காப்போரின் குரல்



குளத்தில் வாழ்ந்த மூன்று மீன்களின் கதையை நீங்கள் தொடக்கப் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். வருமுன் காப்போன், வருங்கால் காப்போன், வந்தபின் காப்போன் என்பன அவற்றின் பெயர்கள். வலைஞர் வரப்போகிறார் என்று அறிந்தவுடனே வேறு நீர்நிலைக்குச் சென்றது முதல் மீன். வலை விழுந்தபோது செத்ததுபோற் கிடந்து தப்பியது இரண்டாம் மீன். சிக்கிய பின் துள்ளித் துள்ளி மாண்டது மூன்றாம் மீன். தீயணைப்புப் படையினரை நாம் இம்மூவருள் எவரோடு சேர்ப்போம்? தீப்பற்றிய பின் மணி ஒலிக்க விரைந்து வருபவர் ஆதலின், வந்தபின் காக்கவே பிறந்தவர்கள் என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறோம். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவர்கள் வருமுன் காப்போராகவும் விளங்க வல்லவர்கள். அதற்கு அவர்கள் பேச வேண்டும். நாம் கேட்க வேண்டும். இதை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சியை முதலிற் கூறி, பின்பு அவர்கள் பேசக் கற்ற வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். திருப்பூரை அடுத்த ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். தீத்தொண்டு வாரத்தை ஒட்டி இரண்டு தீயணைப்பு வீரர்கள் பள்ளிக்கு வந்தனர். எண்ணெயில் பற்றிய தீயை நீர் ஊற்றி அணைக்கலாகாது என்பதையும், ஈரச் சாக்கால் மூடி அணைப்பது எப்படி என்பதையும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினர். பிள்ளைகள் கைதட்டினர். விடைபெறும் வேளையில், அவர்களுள் மூத்தவர் என்னைத் தனியே அழைத்தார். "ஐயா, சத்துணவுக் கூடத்துக்கு ஓலைக் கூரை. அதை ஒட்டினாற்போல் வகுப்பறை. அந்த வகுப்பறையின் பின்கதவிலோ பூட்டுத் தொங்குகிறது. இம்மூன்றும் ஒரே இடத்தில் இருப்பது நல்லதன்று" என்றார். "நீங்கள் வந்த வேலை முடிந்ததல்லவா? மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று நான் விடை கூறினேன். அவர் வேறொன்றும் பேசாமல் வணங்கிச் சென்றார். பூட்டு அங்கேயே தொங்கியது.

அவ்வாண்டு சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையற்கூடத்துத் தீ ஓலைக் கூரைக்குத் தாவி, 94 பிள்ளைகள் மாண்டனர். செய்தி கேட்ட மாலையில், நான் பள்ளிக்குச் சென்று பின்கதவின் சாவியைத் தேடினேன். அது எவரிடம் இருக்கிறது என்பதே எவருக்கும் தெரியவில்லை. ஒரு கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தேன். அந்த இரவு எனக்கு உறக்கம் இல்லை. எங்கள் பள்ளியில் ஒன்றும் நேரவில்லை என்பது உண்மை. ஆயினும், நேராமற் போனது என் அறிவினால் அன்று.

அந்த வீரர் சொன்னதை நான் ஏன் மதிக்கவில்லை என்று பின்னாளில் பலமுறை எண்ணிப் பார்த்தேன். அவர் பொய் கூறினார் என்று நான் கருதவில்லை. நீர் பாய்ச்சுவது அவர் வேலை, எனக்கு யோசனை கூறுவது அவர் வேலையன்று என்று கருதினேன். இந்த ஒரு நினைப்பை எதிர்த்துத்தான் உலகின் பல நாடுகளில் தீயணைப்போர் சங்கம் அமைத்தனர் என்பதை ஓய்வுபெற்ற பின்னரே படித்தறிந்தேன்.

மாணவர்களே, திருப்பூர்ப் பகுதியில் வாழும் நமக்குத் தொழிற்சங்கம் என்பது புதிய சொல் அன்று. 1984ஆம் ஆண்டு பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்பொழுது நான் பயிற்சி முடித்துப் பணியேற்றிருந்த இளம் ஆசிரியன். வீட்டிலிருந்து சோறு கொண்டுவரும் வழக்கமுடைய பிள்ளைகளும் சத்துணவு வரிசையில் தட்டேந்தி நின்றதைக் கண்டேன். உரிமை கேட்பவன் தரும் விலை இன்னதென்று எந்தப் பாடநூலையும் விட அவ்வரிசை எனக்கு நன்கு கற்பித்தது.

ஆனால் பனியன் தொழிலாளி வேலையை நிறுத்தினால் பனியன் நிற்கும். தீயணைப்பவர் வேலையை நிறுத்தினால் என்ன நிற்கும்? நம் ஊரில் தீ எத்தகையது என்பதை நீங்கள் அறிவீர்கள். கட்டிங் மேசையிலிருந்து விழும் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கழிவுக் கிடங்குகளில் அடுக்கப்படுகின்றன. பஞ்சில் பற்றிய நெருப்பு மேலே சுடர்விட்டு எரிந்து அடங்கியதுபோல் தோன்றும். உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். மேலே பாய்ச்சும் நீர் இறுகிய பொதியின் உட்புறம் செல்வதில்லை. ஒவ்வொரு பொதியையும் இழுத்துப் பிரித்துத்தான் அணைத்தாக வேண்டும். நீர் குடித்த பொதியோ பன்மடங்கு கனக்கும். மாடியில் இருந்தால் தளமே தாங்காது. செயற்கை இழையாக இருப்பின் உருகிச் சொட்டும்; அதன் புகையோ நஞ்சு. 2023 சூன் மாதத்தில் காதர்பேட்டைப் பனியன் சந்தையில் ஓரிரவில் கடைகள் வரிசையாக எரிந்ததை நம்மில் பலர் நேரில் கண்டோம். இத்தகைய இடத்தில் தீயணைப்போர் ஒரு மணி நேரம் வாராதிருந்தால் யாது ஆகும்? ஆகவே, தீயணைப்போருக்குச் சங்கம் தகுமா என்ற ஐயம் நல்லவர் உள்ளத்திலும் எழுவது இயல்பே. இதற்கு விடையை வரலாற்றிடம் கேட்போம். அவ்வரலாறு மிகத் தெளிவாகக் கிடைக்கும் நாடு இங்கிலாந்து.

இலண்டன் மாநகரின் தீயணைப்புப் படையில் நெடுங்காலம் கப்பலிற் பணிபுரிந்தவர்களையே விரும்பிச் சேர்த்தார்கள். உயரத்தில் ஏறவும், கயிற்றைக் கையாளவும், கட்டளைக்குக் கீழ்ப்படியவும் அவர்கள் பழகியிருந்தனர் என்பது காரணம். கப்பலிலே மாலுமி இரவும் பகலும் பணியில் இருப்பவன். அதே முறையைக் கரையிலும் வைத்தார்கள். வீரர் நிலையத்திலேயே குடியிருப்பார். எந்த நேரத்தில் மணி அடித்தாலும் ஓட வேண்டும். ஓய்வு நாள் அரிது. மனைவி மக்களோடு அமர்ந்து ஒரு வேளை உண்பதற்கும் உறுதி இல்லை. முதல் உலகப் போர் முடிவுற்ற 1918ஆம் ஆண்டில் இவர்கள் தங்களுக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தனர். ஃபயர்மென்ஸ் டிரேடு யூனியன் என்பது அதன் முதற்பெயர்; 1930ஆம் ஆண்டு முதல் ஃபயர் பிரிகேட்ஸ் யூனியன் என்று வழங்கலாயிற்று. அவர்களுடைய முதற் கோரிக்கை பணத்தைப் பற்றியது மட்டுமன்று. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நாங்கள் மனிதர்களாக வாழலாம் என்பதே அதன் கருத்து.

இலண்டனில் காவலர்களும் அதே 1918ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த ஆண்டிலும் செய்தனர். 1919ஆம் ஆண்டின் சட்டம் காவலர் தொழிற்சங்கத்தில் சேருவதைத் தடை செய்தது. தீயணைப்போருக்கு அத்தடை விதிக்கப்படவில்லை. இவ்வேறுபாடு சிறியதுபோலத் தோன்றினும் பெரும்பயன் விளைத்தது. காவலன் அரசின் அதிகாரத்தைக் கையில் ஏந்தியவன். தீயணைப்பவனோ எவரையும் அடக்குவதில்லை. அவன் ஏந்துவது நீர்க்குழாய் ஒன்றே.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. அதற்கு முன்பே துணைத் தீயணைப்புப் படை என்று ஒன்றை அமைத்துக் கடைக்காரர், எழுத்தர், ஓட்டுநர் எனப் பலரையும், பெண்களையும் சேர்த்தனர். ஆடவருக்கு வாரம் மூன்று பவுன், பெண்டிருக்கு இரண்டு பவுன் ஊதியம். போரின் தொடக்க மாதங்களில் இலண்டன் மீது குண்டு விழவில்லை. ஆதலின், சும்மா இருந்து ஊதியம் பெறுவோர் என்று தெருவிலே இவர்களை ஏளனம் செய்தார்கள். 1940 செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் மீது குண்டு மாரி பொழியத் தொடங்கிற்று. 57 இரவுகள் இடைவிடாது தொடர்ந்தது. நேற்று ஏளனம் செய்த வாய்கள் இன்று வீரர் என்று வாழ்த்தின. ஆயினும், பணியிலே காயமுற்ற துணைப்படை வீரருக்குச் சில வாரங்களே ஊதியம்; அதன்பின் பணியிலிருந்து விலக்கம் என்பதே அன்றைய விதி. வாழ்த்து வேறு, வாழ்வு வேறு என்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

அந்நாளில் சங்கத்தின் பொதுச் செயலாளராக இருந்தவர் ஜான் ஹார்னர். 1939இல் அப்பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 27. துணைப்படையினர் நிலையான ஊழியர் அல்லர், அவர்களைச் சங்கத்தில் சேர்ப்பது பழைய உறுப்பினருக்குக் கேடு என்று சிலர் எண்ணினர். ஹார்னர் கதவைத் திறந்தார். சில ஆயிரம் பேரைக் கொண்டிருந்த சங்கம் பல்லாயிரம் பேரைக் கொண்டதாயிற்று. காயமுற்றோருக்கு நீதி, மாண்டோர் குடும்பத்துக்கு உதவி, உண்ணவும் உலர்ந்த உடை மாற்றவும் வசதி என்று சங்கம் ஓயாது கேட்டு, பலவற்றைப் பெற்றுத் தந்தது.

போர் முடிந்த பின் ஊதியச் சிக்கல் மீண்டும் தலைதூக்கிற்று. காவலருக்கு இணையான ஊதியம் தங்களுக்கு இல்லை என்பது குறை. 1951ஆம் ஆண்டில் இவர்கள் கையாண்ட முறையைக் கேளுங்கள். தீ என்று அழைப்பு வந்தால் உடனே சென்றனர். ஆனால் நிலையத்தில் பித்தளையைத் துலக்குவது, தரையைத் தேய்ப்பது, அணிவகுப்புச் செய்வது ஆகிய வேலைகளைச் செய்ய மறுத்தனர். ஊராருக்கு ஓர் உயிரும் இழப்பில்லை. மேலதிகாரிகளுக்கு மட்டும் பளபளப்பு இல்லை! இவ்வாறு உரிமையையும் கடமையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முயன்றதை நாம் பாராட்டாமல் இருக்க இயலாது.

எப்போதும் அவ்வாறு அமையவில்லை என்பதையும் மறைக்கலாகாது. 1977 நவம்பர் 14ஆம் நாள் நாடு முழுவதும் தீயணைப்போர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். விலைவாசி ஏறிற்று, நூற்றுக்கு முப்பது உயர்வு கேட்டனர், பத்துக்கு மேல் எவருக்கும் இல்லை என்றது அரசு. சங்கத் தலைமையே வேண்டாமென்று கூறியும் உறுப்பினர் பெரும்பான்மையாய் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தனர். படைவீரர்கள் பச்சை வண்ணம் பூசிய பழைய வண்டிகளில் வந்து தீயை அணைத்தனர். பனியிலே நிலையத்தின் வாயிலில் நின்ற வீரர்கள் சிலர், மருத்துவமனையில் தீ என்று கேட்டதும் மறியலை விட்டு ஓடி உதவினர். ஒன்பது வாரங்களுக்குப் பின் 1978 சனவரியில் உடன்பாடு ஏற்பட்டது. அப்போதைக்குப் பத்து விழுக்காடே கிடைத்தது. ஆனால் ஊதியத்தைக் கணக்கிட ஒரு நிலையான வாய்பாடும், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 42 மணி நேரமாகக் குறைவதும் உறுதி செய்யப்பட்டன. கணக்கு வகுத்துத் தந்ததால் சண்டை ஓய்ந்தது. அடுத்த 25 ஆண்டுகள் நாடளாவிய வேலைநிறுத்தம் நிகழவில்லை.

இது சரியா, தவறா? உங்கள் பள்ளியில் சொற்போர் நடத்தத் தக்க பொருள் இது. என் கருத்தைக் கேட்டால், உயிர் காக்கும் பணியில் வேலைநிறுத்தம் என்பது வீட்டில் இருக்கும் நஞ்சு போன்றது. மருந்தாகலாம், எடுப்பதற்குக் கை நடுங்க வேண்டும். அதே 1918ஆம் ஆண்டில் அமெரிக்கா, கனடா நாடுகளின் தீயணைப்போரும் ஒரு சங்கம் கண்டனர். வேலைநிறுத்தம் செய்யோம் என்ற விதியைத் தங்கள் அமைப்புச் சட்டத்திலேயே எழுதி, 1968 வரை ஐம்பது ஆண்டுகள் அதைக் காத்தனர். அந்த ஐம்பது ஆண்டுகளும் அச்சங்கம் உறங்கிக் கிடக்கவில்லை. பணிநேரம், ஓய்வூதியம், பாதுகாப்பு என்று பேசிக்கொண்டே இருந்தது. ஆகவே, சங்கம் என்றால் வேலைநிறுத்தம் என்று பொருள் கொள்வது, பள்ளி என்றால் விடுமுறை என்று பொருள் கொள்வதைப் போன்றதாகும்.

இனி, சங்கத்தின் சிறந்த பணி எது என்று சொல்கிறேன். அது தங்களுக்காகக் கேட்டதன்று, நமக்காகக் கேட்டது.

1979 மே 8ஆம் நாள் மான்செஸ்டர் நகரில் ஒரு பெரிய கடையில் தீப்பற்றியது. மேல்மாடியில் அடுக்கியிருந்த மெத்தை நாற்காலிகளில் பற்றிய தீ அது. பத்துப் பேர் மாண்டனர். சன்னல்களுக்கு இரும்புக் கம்பிகள் இருந்தமையால், உள்ளே சிக்கியோரை வீரர்கள் கம்பியை அறுத்து மீட்க வேண்டியதாயிற்று. அந்நாளைய நாற்காலிகளுள் பாலியூரிதேன் நுரைப்பஞ்சு அடைக்கப்பட்டிருந்தது. அது பற்றினால் சில நிமிடங்களில் அறை முழுவதும் கரும்புகை சூழும். அப்புகையில் கார்பன் மோனாக்சைடும் சயனைடு நஞ்சும் கலந்திருக்கும். உள்ளே இருப்போர் தீ தம்மைத் தொடுமுன்பே மாள்வர். இதனை ஆய்வுக்கூடத்தில் கண்டவர் சிலர். ஒவ்வோர் இரவும் வீடுகளில் கண்டவர் தீயணைப்போர். இத்தகைய நுரைப்பஞ்சைத் தடுக்க வேண்டும் என்று அவர்களும் அவர்கள் சங்கமும் பல்லாண்டு வாதாடினர். 1988ஆம் ஆண்டில் வீட்டு நாற்காலி, மெத்தைகளுக்கான தீப்பாதுகாப்பு விதிகள் அங்கே சட்டமாயின. தங்கள் கூலிக்குத் தொடர்பே இல்லாத ஒன்று, பிறர் வீட்டு நாற்காலி! அதற்காக ஒரு தொழிற்சங்கம் வாதாடிற்று என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

அவர்கள் பேசியும் கேளாத கதையும் உண்டு. 1999ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் இர்வின் என்னும் ஊரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் பதித்திருந்த பூச்சுப் பலகைகள் வழியே தீ மேலேறிச் சென்றது, ஒருவர் மாண்டார். நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, சங்கத்தின் சார்பில் சென்றவர் அத்தகைய வெளிப்பூச்சின் ஆபத்தை எடுத்துரைத்தார். பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2017 சூன் 14ஆம் நாள் இலண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்னும் அடுக்குமாடியில், ஒரு சமையலறையில் தொடங்கிய தீ, எரியத்தக்க வெளிப்பலகைகள் வழியே கோபுரம் முழுவதும் பரவிற்று. 72 பேர் மாண்டனர். பின்னர் நடந்த விசாரணை, கட்டடம் கட்டியோர், பொருள் விற்றோர், அரசு ஆகியோரைக் குறை கூறியதோடு, தீயணைப்புப் படையின் முன்னேற்பாட்டையும் குறை கூறிற்று. அதையும் நாம் ஏற்கவே வேண்டும். எச்சரித்தவர்களும் எல்லாம் அறிந்தவர்கள் அல்லர். ஆயினும், எச்சரிக்கை ஒன்று பதினெட்டு ஆண்டுகள் ஏட்டில் உறங்கியது என்பது மறுக்கவொண்ணாத செய்தி.

அவர்களுடைய சொந்த உடலும் ஒரு சான்றாகவே உள்ளது. தீயணைப்புப் பணியில் நேரும் புகை, புழுதி, வேதிப்பொருள் ஆகியவற்றின் தாக்கம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022ஆம் ஆண்டில் ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்திற்று. நாற்காலி தீப்பற்றாதிருக்கச் சேர்த்த சில வேதிப்பொருள்களே, எரியும்போது நஞ்சாகின்றன என்பதும் பின்னாளில் தெரியவந்தது. ஒரு தீங்கை நீக்க வந்தது மற்றொரு தீங்கைக் கொணர்ந்தது. அதையும் சங்கமே பேசுகிறது. பல்கலைக்கழக அறிஞரைக் கொண்டு ஆராயச் செய்து, தீயிலிருந்து திரும்பிய உடையை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர், முகத்தையும் கையையும் உடனே கழுவுங்கள், புகை படிந்த உடையோடு உணவறைக்குச் செல்லாதீர் என்று தன் உறுப்பினர்க்கே பாடம் நடத்துகிறது. அழுக்கான தலைக்கவசம் வீரத்தின் அடையாளம் என்று கருதிய காலம் மலையேறிவிட்டது.

இங்கிலாந்தின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் ஏப்ரல் 14ஆம் நாள் தீத்தொண்டு நாளாகப் போற்றப்படுவது ஏன் என்று அவர்களை நான் கேட்பேன். 1944ஆம் ஆண்டு அந்நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் நின்றது. அதன் அடித்தட்டில் வெடிமருந்தும், கராச்சியில் ஏற்றிய பருத்திப் பொதிகளும் இருந்தன. பருத்தியில் தீப்பற்றிற்று. நான் முன்னே சொன்னேனே, பொதிக்குள் கனலும் தீ, அதுவேதான். வீரர்கள் கப்பலின் மேல் நின்று நீரைப் பாய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். மாலை நான்கு மணிக்குப் பிறகு கப்பல் வெடித்துச் சிதறிற்று. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றலாமா என்று அவர்களை எவரும் முன்னதாகக் கேட்கவில்லை. அணைக்க மட்டுமே அழைத்தார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் 2020 நவம்பர் 14ஆம் நாள், தீபாவளியன்று, மதுரையில் ஒரு துணிக்கடையில் பற்றிய தீயை அணைக்கச் சென்றபோது பழங்கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு வீரர்கள் உயிர் நீத்தனர். ஊரே பட்டாசு வெடித்து மகிழும் நாள் அது.

நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் வழங்குகிறது. படைவீரர், பொது அமைதி காக்கும் படையினர் முதலியோர்க்கு அவ்வுரிமையைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு 33ஆம் பிரிவு இடந்தருகிறது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் தீயணைப்புத் துறையினர்க்குச் சங்கம் உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கருத்து யாதெனின், தீயணைப்போர் சங்கம் அமைக்கும் உரிமை காக்கப்பட வேண்டும். உயிர் காக்கும் பணியாதலின் வேலைநிறுத்தத்தை மட்டும் கட்டுப்படுத்தலாம். அவ்வாறு கட்டுப்படுத்தினால், அதற்கு ஈடாக நடுநிலையான நடுவர் விரைந்து தீர்க்கும் முறை வேண்டும் என்பதாகும். வேலையை நிறுத்தும் உரிமை வேறு, வாய் திறக்கும் உரிமை வேறு. முன்னதைக் கட்டுவோர் பின்னதை அகலத் திறந்து வைக்கக் கடமைப்பட்டவர்கள். அழாத பிள்ளைக்கும் பால் கொடுக்கும் தாயே சிறந்த தாய். பிள்ளை அழலாகாது என்று கூறிவிட்டுப் பாலையும் மறந்தால் அவளை என்னென்பது?

திருப்பூரில் வளரும் இளைஞர்களே, உங்களுள் பலர் நாளை பனியன் கம்பெனி நடத்துவீர்கள்; பலர் அங்கே பணிபுரிவீர்கள்; சிலர் பொறியாளராகிக் கட்டடத்துக்கு வரைபடம் போடுவீர்கள். 1911 மார்ச்சு 25ஆம் நாள் நியூயார்க்கு நகரில் டிரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியபோது, தீ எட்டாம் மாடியில். தீயணைப்போரின் ஏணியோ ஆறாம் மாடி வரைதான் எட்டிற்று. ஒன்பதாம் மாடியில் ஒரு வழியின் கதவு பூட்டியிருந்தது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் உங்கள் வயதுடைய பெண்கள். ஏணி குட்டை என்பதையும், கதவு பூட்டியிருக்கும் என்பதையும் அறிந்தவர் அவ்வூரில் இல்லாமலா இருந்தனர்? அறிந்தவர் பேச்சு அம்பலம் ஏறவில்லை. தையல் தொழிலாளர் சங்கமும் நல்லோர் பலரும் அதன்பின் எழுப்பிய குரலால்தான் அந்த மாநிலத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் பல பிறந்தன.

ஆகவே உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் வரும். வீரர்கள் உங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ வந்து தீயணைத்துக் காட்டுவார்கள். கைதட்டுங்கள், ஆனால் அத்தோடு அனுப்பிவிடாதீர்கள். எங்கள் கட்டடத்தைச் சுற்றிப் பாருங்கள், எதை மாற்றவேண்டும் என்று சொல்லுங்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தாளில் எழுதி, நாள் குறித்து, தலைமையாசிரியரிடம் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து, அது என்னாயிற்று என்று பணிவோடு கேளுங்கள். தலைமையாசிரியர் சினந்தால், நானும் ஒருகாலத்தில் அவ்வாறு இருந்தவன்தான் என்று அவருக்குச் சொல்லுங்கள். உங்கள் தந்தையோ தாயோ பணிபுரியும் கம்பெனியில் வெளிவாயிலை மறித்து மூட்டைகள் அடுக்கியிருந்தால் வீட்டிலே அதைப் பேசுங்கள்.

என்னிடம் பேசிய அந்த மூத்த வீரரை நான் பின்பு ஒருமுறை சந்தித்தேன். கும்பகோணச் செய்திக்குச் சில வாரங்களுக்குப் பின், மன்னிப்புக் கேட்கவேண்டும் என்ற எண்ணத்தோடு நிலையத்துக்குச் சென்றிருந்தேன். நான் வாய் திறக்குமுன் அவர் கேட்டார்: "ஐயா, அந்தப் பூட்டு?" எடுத்துவிட்டோம் என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு, குழாயைச் சுருட்டும் வேலைக்குத் திரும்பினார்.